பாங்கு இல்லாத விரதம்

அந்த நாட்களில் ஸ்ரீரங்கத்து வீதிகள் தரையை விட்டு ஒரு விரல் உயரத்தில் மிதந்தன. என் நினைவில் அப்படித்தான் பதிந்திருக்கிறது. காலையில் பஸ் ஏறுவதற்காக உத்திர வீதி வழியே நடக்கும்போது வாசல் கோலங்கள் எழுந்து நின்றன. பூக்கடையில் துளசியை உதறும் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்டது. யாராவது என்னிடம் பேசினால், அவர்கள் வாய் அசைந்து முடிந்த பிறகுதான் சொல் வந்து சேரும். இதையெல்லாம் நான் பக்தி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் உடம்பு அணைந்துகொண்டு வருகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தில்லைநகரில் ஓர் இன்ஜினியர் ஆபீசில் வீடுகளுக்கு பிளான் வரையும் வேலை. வீட்டில் அப்பா, அம்மா, நான். அண்ணா சென்னையில். அப்பா பேங்க் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். அம்மாவுக்குப் பெருமாளும் தளிகையறையும்தான் உலகம். சமையல் என்ற சொல்லே எங்கள் வீட்டில் கிடையாது, தளிகைதான்.

ஆரம்பம் ஒரு காய்ச்சல். மழைக்காலத்தில் வந்து, போகும்போது நாக்கின் ருசியைக் கொண்டுபோனது. கொஞ்சம் இளைத்தேன். "முகத்துல ஒரு களை வந்திருக்கு பாரு" என்று உறவினர்கள் சொன்னார்கள். ருசி திரும்பி வந்தது. ஆனால் அதற்குள் எனக்குச் சாப்பாட்டைக் கண்டு ஒரு பயம் வந்திருந்தது. ஒரு கவளம் கூடுதலாக உள்ளே போனாலும் ஏதோ கெட்டுவிடும் என்ற பயம். என்ன கெட்டுவிடும் என்று கேட்டிருந்தால் என்னால் சொல்லியிருக்க முடியாது.

எங்கள் ஊரில் சாப்பிடாமல் இருப்பதற்கு ஒரு நல்ல பெயர் உண்டு. ஏகாதசி அன்று அம்மாவுடன் நானும் விரதம் இருந்தேன். பிறகு சனிக்கிழமையும் சேர்ந்தது. பிறகு திருவோணம். பிறகு எந்த நாளுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. அம்மா பூரித்துப்போனாள். மாலையில் கோயிலுக்குக் கூடப் போகும் மாமிகளிடம், "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணு யாராத்துல இருக்கா, சொல்லுங்கோ" என்பாள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது எனக்குள் விளக்கு ஏற்றியதுபோல் இருக்கும். அன்றைக்கும் சாப்பிடாமல் இருக்க அந்த வெளிச்சம் போதும்.

ஆனால் குளிர்ந்தது. பங்குனி வெயிலில் திருச்சியே கொதிக்கும்போது நான் ஆபீசில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாடிப்படி வரைந்தால் ஒரு படி விட்டுப்போகும். ஒரு வீட்டுக்குக் கதவே வைக்காமல் பிளான் போட்டிருந்தேன். இன்ஜினியர் சிரித்துக்கொண்டே, "உள்ள போனவங்க வெளிய வர வேண்டாமா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் அந்த எண்ணமும் வர ஆரம்பித்தது. பயங்கரமான உருவத்தில் வரவில்லை. தலை வாரும்போது வரும். பஸ்ஸில் டிக்கெட்டுக்குச் சில்லறை தேடும்போது வரும். 'நான் இல்லாமல் இருந்தால் எவ்வளவு நிம்மதி' என்று, மதியத் தூக்கம் கண்ணைச் செருகுவதுபோல மெதுவாக வரும். நாளுக்கு நாள் அதற்கு உருவம் கூடியது. அந்த உருவத்தை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதுவதால் யாருக்கும் நன்மை இல்லை. அது என்னோடு காலையில் எழுந்து, என்னோடு வேலைக்கு வந்து, என்னோடு வீடு திரும்பியது. அதைப் பற்றி ஒருவரிடமும் நான் மூச்சு விடவில்லை. விரதம் இருக்கிற பெண்ணுக்குச் சாவைப் பற்றி என்ன பேச்சு?

ஆபீசில் என் பக்கத்து மேஜையில் ஒரு தோழி இருந்தாள். என்னைவிட ஒரு வயது மூத்தவள். பாலக்கரையில் வீடு. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பாவுக்குச் செருப்புக்கடை, அண்ணன் சார்ஜாவில். சத்தமாகப் பேசுவாள், சத்தமாகத் தும்முவாள். மதியத்தில் நான் என் டிபன் பாக்ஸைத் திறந்து, "உனக்குப் புளியோதரை பிடிக்குமே" என்று அவள் பக்கம் நகர்த்துவேன். முதலில் சந்தோஷமாகச் சாப்பிட்டாள். ஒருநாள் பாக்ஸை மூடி என் பக்கமே திருப்பி வைத்தாள்.

ரம்ஜான் மாதம் வந்தது. அவள் நோன்பில் இருந்தாள். மதிய வேளையில் ஆபீசில் எனக்குத் துணை கிடைத்ததுபோல் நிம்மதி. சாப்பிடாதவள் நான் ஒருத்தி மட்டுமில்லை அல்லவா? ஒரு சனிக்கிழமை, "இன்னிக்கு எங்க வீட்டுல நோன்பு திறக்க வா" என்றாள். தட்டிக்கழிக்கப் பார்த்தேன். "உனக்குன்னு அம்மா கறி போடாம தனியாக் கஞ்சி காய்ச்சுறாங்க. வரலைன்னா அவங்ககிட்ட நீயே சொல்லு" என்றாள். போனேன்.

அவர்கள் வீட்டு மாடிக்கூடத்தில் பாய் விரித்திருந்தது. பேரீச்சம்பழம், வடை, நறுக்கிய தர்பூசணி, ஆவி பறக்கும் கஞ்சிக் கிண்ணங்கள். யாரும் எதையும் தொடவில்லை. ஜன்னல் வழியே சாயங்கால வெளிச்சம் சாய்ந்து விழுந்து எல்லோர் முகத்தையும் ஒரே நிறமாக்கியிருந்தது. பேச்சு மெல்ல அடங்கி எல்லோரும் காதை மட்டும் தீட்டிக்கொண்டு இருந்தோம். தூரத்துப் பள்ளிவாசலிலிருந்து பாங்கு ஒலித்தது. அடுத்து பக்கத்துப் பள்ளிவாசலிலிருந்து. கைகள் எல்லாம் ஒன்றாக நீண்டன. அவளுடைய அத்தா பேரீச்சம்பழத்தை வாயில் போட்டுக் கண்ணை மூடினார். அந்த முகத்தை இன்றும் என்னால் வரைந்துகாட்ட முடியும்.

என் கையிலும் கிண்ணம் இருந்தது. இஞ்சியும் கொத்தமல்லியும் மணத்தன. உதடுவரை கொண்டுபோனேன். அதற்கு மேல் முடியவில்லை. கிண்ணம் சரிந்து கஞ்சி பாயில் சிந்தியது. அவளுடைய அம்மா துணி எடுத்துவந்து, "பரவாயில்லம்மா, சூடா இருக்கும், ஆறட்டும்" என்றார். அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் என் முழங்கையைப் பிடித்து மொட்டைமாடிக்கு அழைத்துப்போனாள். மலைக்கோட்டையில் விளக்குப் போட்டிருந்தார்கள். கொடியில் காய்ந்த துணிகளுக்கு நடுவே இருவரும் நின்றோம்.

"நானும்தான் பட்டினியா இருக்கேன். ஆனா பாங்கு சொன்னதும் தின்னுடுறேன்ல?" என்றாள். "உன் விரதத்துக்குப் பாங்கே கிடையாதா?"

நான் கொடியில் கிடந்த ஒரு துண்டின் நுனியை மடித்துப் பிரித்தேன்.

"இன்னொண்ணு கேக்குறேன். கோவிச்சுக்காத." அவளுடைய சத்தமான குரல் எங்கோ போயிருந்தது. "செத்துப்போயிடலாம்னு உனக்குத் தோணுதா?"

கீழே தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்தபடி போனது. கொடியில் ஒரு வெள்ளைச் சட்டை காற்றில் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டது. இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"தோணுது" என்றேன்.

"எப்பவாவதா?"

"தினமும்."

"இன்னிக்கு?"

"காலையில."

அவள் கத்தவில்லை, உபதேசம் செய்யவில்லை, அல்லாவையோ பெருமாளையோ கூப்பிடவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சூடாக இருந்தது. "சரி. சொல்லிட்டல்ல. இனிமே இது உனக்கு மட்டும் தெரிஞ்ச விஷயம் இல்ல" என்றாள். பிறகு, "இன்னிக்கு உன்னைத் தனியா அனுப்ப மாட்டேன். நானும் வீட்டுக்கு வரேன். அம்மாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

ஆட்டோவில் காவிரிப் பாலத்தைத் தாண்டினோம். வழியெல்லாம் அவள் கஞ்சிக்கு அரிசியை எப்படி உடைக்க வேண்டும், வெந்தயம் எவ்வளவு போட வேண்டும் என்று பேசிக்கொண்டே வந்தாள். என் கையை விடவில்லை.

வீட்டில் அவள்தான் ஆரம்பித்தாள், நான் முடித்தேன். அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. "விரதம் இருந்தா மனசு தெளியும்பா. இவளுக்கு ஏன்டி இப்படி?" என்று என் தோழியைப் பார்த்தே கேட்டாள். பிறகு புரிந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். "நான்னா தூக்கி வச்சுண்டு ஆடினேன். ஊரெல்லாம் சொல்லிண்டு திரிஞ்சேனே" என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஆன்ட்டி, இது யாரு தப்பும் இல்ல. அவளுக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவுதான்" என்றாள் தோழி.

அப்பா டிவியை அணைத்தார். என்னிடம் வந்து நின்றார். எனக்கு நினைவு தெரிந்து அவர் என் தலையில் கை வைத்தது அன்றுதான். "எந்த டாக்டரைப் பாக்கணும்னு விசாரிக்கறேன். திங்கட்கிழமை போகலாம். அதுவரைக்கும் நீ எங்களோட கூடத்துலயே படுத்துக்கோ" என்றார்.

மனநல மருத்துவர் என்னிலும் கொஞ்சம்தான் மூத்தவர்போல் தெரிந்தார். நெற்றியில் சின்னதாகக் குங்குமம், கழுத்தில் அடையாள அட்டை. நான் விரதங்களைப் பற்றிச் சொன்னதை முழுக்கக் கேட்டார். "விரதம் இருக்கறது வேற, இது வேற. இது வியாதி. விரதத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்றார். பிறகு அப்பா அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "இவங்க சாப்பிடுறாங்களான்னு மட்டும் பாக்காதீங்க. இந்த வியாதியில உயிரே வேண்டாம்னு தோணுறது ரொம்ப சகஜம். உடம்புக்கு இருக்கிற ஆபத்துக்கு அது கொஞ்சமும் குறைஞ்சது இல்ல. நான் ஒவ்வொரு தடவையும் அதைக் கேப்பேன். நீங்களும் கேளுங்க."

அம்மா தயங்கித் தயங்கி, "அதைப் பத்திப் பேசினா, நாமளே ஞாபகப்படுத்தினாப்ல ஆயிடாதோ?" என்றாள்.

"ஆகாதும்மா. அது ஏற்கெனவே உள்ள இருக்கு. கேட்டாத்தான் வெளிய வரும்."

அந்த எண்ணம் வந்தால் யாரிடம் சொல்வது, அவர்கள் கிடைக்காவிட்டால் யாரிடம், எப்போது ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்றெல்லாம் என்னோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்தார். வீட்டில் எதையெல்லாம் என் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும் என்று அப்பாவிடம் தனியாகச் சொன்னார். மருந்து தந்தார். சாப்பாட்டுக்கு ஓர் ஒழுங்கு சொல்லித்தர இன்னொரு அம்மாள் இருந்தார். முதல் வாரங்களில் தட்டு முன்னால் உட்கார்ந்தாலே எனக்கு வேர்த்துக் கொட்டும். ஒரு இட்லி மலைபோல் இருக்கும். அப்பா எதிரில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், பேங்கில் அவர் பார்த்த பழைய மேனேஜர்களைப் பற்றிப் பேசுவார். அவர்களில் ஒருவர் தூங்கியபடியே கையெழுத்துப் போடுவாராம். நான் சிரித்தபடி ஒரு விள்ளல் விழுங்குவேன்.

வீதிகள் கீழே இறங்கின. கோலங்கள் தரையில் ஒட்டிக்கொண்டன. வைகாசியில் எனக்கு வேர்த்தது. பல மாதங்களுக்குப் பிறகு வெயில் சுட்டது. கன்னம் கொஞ்சம் நிரம்பியது. எல்லோரும் மூச்சு விட்டார்கள். அப்பா ஆஸ்பத்திரிக்குக் கூட வருவதை நிறுத்தினார். அம்மா மறுபடி மாலையில் கோயிலுக்குப் போனாள். எண்ணம் இன்னும் வருகிறதா என்று டாக்டர் கேட்டபோது, குறைந்திருக்கிறது என்றேன். பொய் இல்லை. அந்த வாரம் குறைந்துதான் இருந்தது.

ஆடிப்பெருக்கு வந்தது. அந்த வருஷம் காவிரியில் நல்ல தண்ணீர். அத்தையும் குடும்பமும் வந்திருந்தார்கள். புளியோதரை, தேங்காய் சாதம், ததியோன்னம், அக்காரவடிசில் என்று வீடெல்லாம் மணம். அத்தை என் தாடையைத் தொட்டு, "இப்பத்தான்டி பொண்ணு மாதிரி இருக்கே. நன்னா பூசினாப்ல ஆயிட்டே" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குள் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் அறுந்தது.

எல்லோரும் படித்துறைக்குக் கிளம்பினார்கள். தலைவலி என்று நான் தங்கிவிட்டேன். மத்தியான வேளை. வீட்டில் மின்விசிறிச் சத்தம் மட்டும். அப்போது அந்த எண்ணம் வந்தது. முன்புபோல் பனியாக, தூக்கமாக வரவில்லை. துல்லியமாக, கையெழுத்து மட்டும் பாக்கி என்பதுபோல் வந்தது. எனக்குப் பயமே இல்லை. பயம் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது. இதை எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. உடம்பில் ஏறிய சோறு அந்தப் பயத்துக்கு மட்டும் கொஞ்சம் பலம் கொடுத்திருக்க வேண்டும். போனை எடுத்துத் தோழியைக் கூப்பிட்டேன்.

"வந்துடுச்சு" என்றேன். அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"எங்க இருக்க?"

"வீட்டுல."

"அம்மா?"

"ஆத்தங்கரைக்குப் போயிருக்கா. எல்லாரும்."

"பக்கத்து வீட்டுல யாரு இருக்காங்க?"

"மாமி இருப்பா."

"போனைக் கட் பண்ணாத. காதுல வச்சுக்கிட்டே எந்திரி. எந்திரிச்சியா? வாசலுக்கு வா. செருப்பெல்லாம் வேணாம். நடந்துட்டியா? கதவைத் தட்டு."

தட்டினேன். பக்கத்து வீட்டு மாமி முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்தாள். "மாமி, கொஞ்ச நேரம் உங்காத்துல இருக்கட்டுமா? தனியா இருக்கப் பயமா இருக்கு" என்றேன். மாமி என் முகத்தைப் பார்த்தாள். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "வாடி, வா. நான் பக்கத்துலயே இருக்கேன்" என்று ஊஞ்சலில் உட்கார வைத்துத் தானும் உட்கார்ந்தாள். காதில் தோழி பேசிக்கொண்டே இருந்தாள். ஸ்கூட்டரை எடுக்கிறாள், அவளுடைய தம்பியிடம் போனைத் தருகிறாள், அவன், "அக்கா, பாலத்துல ஒரே கூட்டம், ஆனா வந்துட்டே இருக்கோம்" என்கிறான். ஊஞ்சல் லேசாக ஆடியது. அந்த மத்தியானம் நகரவே ஒரு யுகம் ஆனது. அவள் வந்தாள். அவள் போன் செய்து சொன்னதும் அம்மாவும் அப்பாவும் நனைந்த கால்களோடு ஓடிவந்தார்கள். நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

என்னைச் சில வாரங்கள் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம். நான் தோற்றுப்போனதாக நினைத்துப் படுத்துக்கிடந்தேன். டாக்டர் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"உடம்பு முன்னாடி ஓடிடும். மனசு பின்னாடிதான் வரும். நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. பாக்குறவங்க எல்லாம் சரியாயிடுச்சுன்னு நிம்மதியா இருக்குற நேரம் அது. அந்த இடத்துலதான் நீங்க போன் பண்ணியிருக்கீங்க. தோத்துப்போனவங்க போன் பண்ண மாட்டாங்க."

நான் அழுதேன். அழுதுகொண்டே தூங்கினேன். விழித்தபோது அம்மா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் மட்டும் ஏதோ பாசுரத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. ஊரே கோயிலில் இருந்தது. வீதியில் நடக்க இடமில்லை. அன்று எங்கள் வீட்டில் அடுப்பில் சாதம் வெந்தது. ஏகாதசியன்று அரிசி வெந்து நான் பார்த்ததே இல்லை. அம்மா தான் விரதத்தில் இருந்துகொண்டு எனக்காக ஒரு பிடி அரிசி களைந்து வைத்திருந்தாள். அவளுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும். தட்டு போட்டு, சாத்தமுது ஊற்றி, "நான் பக்கத்துல ஒக்காந்துக்கட்டுமா, வேண்டாமா?" என்று கேட்டாள். முன்பெல்லாம் அவள் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. உட்காரச் சொன்னேன். வெளியே கூட்டத்தின் 'ரங்கா ரங்கா' அலை அலையாக வந்தது. ரசத்தில் மிளகு தூக்கலாக இருந்தது. நான் சாப்பிட்டு முடிக்கும்வரை அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோழி அடுத்த வருஷம் கல்யாணம் ஆகிச் சார்ஜாவுக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் ஒருநாள் கேட்டேன். "அன்னிக்கு மாடியில எப்படி அவ்வளவு நேரா கேட்ட?"

"நேராவா? ஒரு வாரமாக் கேக்கணும், கேக்கணும்னு இருந்தேன். கேட்டு நீ கோவிச்சுக்கிட்டா ஒரு பிரெண்டு போவா. கேக்காம விட்டா ஆளே போயிடுவாளேன்னு தோணுச்சு. அவ்வளவுதான்."

இன்னும் எனக்குக் கெட்ட நாட்கள் உண்டு. கல்யாண வீட்டுப் பந்திகள் இப்போதும் கஷ்டம். எண்ணம் அபூர்வமாக எட்டிப்பார்க்கும். வந்தால் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடமோ டாக்டரிடமோ. சார்ஜாவுக்கும் ஒரு மெசேஜ் போகும். 'எங்க இருக்க, கூட யாரு' என்று உடனே பதில் வரும்.

போன மாதம் லால்குடிப் பக்கம் ஒரு வீடு கட்டும் வேலையைப் பார்த்துவிட்டுப் பாசஞ்சர் ரயிலில் திரும்பினேன். அலைந்த களைப்பு. எதிர் சீட்டில் ஒரு பெண் கூடை நிறைய வெள்ளரிப்பிஞ்சு வைத்திருந்தாள். வாங்கி உப்பு மிளகாய்த்தூள் தொட்டுச் சாப்பிட்டேன். வெளியே நாற்று நட்ட வயல்கள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. கொக்குகள் நின்ற இடத்திலேயே நின்றன. கொள்ளிடம் வந்தது நினைவிருக்கிறது. ஸ்ரீரங்கம் ஸ்டேஷன் வந்தது நினைவில்லை. நன்றாகத் தூங்கியிருக்கிறேன். கண் விழித்தபோது ரயில் டவுன் ஸ்டேஷனில் நின்றிருந்தது. அவசரமாக இறங்கினேன். போன் அடித்தது.

"எங்கேடி இருக்கே?" அம்மாவின் குரலில் அந்தப் பழைய நடுக்கம்.

"தூங்கிட்டேம்மா. டவுன் ஸ்டேஷன்ல இறங்கியிருக்கேன். பஸ் பிடிச்சு வரேன்."

மறுமுனையில் அம்மா மூச்சு விடுவது கேட்டது.

"தூங்கிட்டியா" என்றாள். "சரி. மெதுவா வா."